ஃபேன் கழற்றிய மாப்பிள்ளை

நான் வேலை பார்த்த ஆலையில் இப்போது மெயின்டனன்ஸ் மேலாளராக இருப்பவர் போன மாதம் புதுக் காரோடு என் வீட்டுக்கு வந்தார். காரின் வயிற்றுக்குள் ஒரு ஒயரைச் செருகி, மடிக்கணினியில் எதையோ தட்டி, இன்ஜினின் சக்தியை ஏற்றிவிட்டதாகச் சொன்னார். எத்தனை போல்ட் கழற்றினீர்கள் என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லையாம். கையில் கிரீஸாவது பட்டதா என்றேன். "இன்னா சார் நீங்க, ஏ.சி.ய போட்டுக்கினு உள்ள ஒக்காந்தபடியே பண்ணேன்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. இதே காரியத்துக்காக நான் எழுபதுகளில் என் கல்யாணத்தையே பணயம் வைத்தேன். அதுவும் பட்டு வேட்டி, தலைப்பாகையோடு. அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். சொல்லும்போது வெட்கம் வரவில்லை, எழுதும்போது கொஞ்சம் வருகிறது.

தொழில் படித்த கதை சுருக்கம்தான். அறுபதுகளின் கடைசியில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன். சதுரமாக ஆக்கு என்று ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து, கையில் அரத்தையும் கொடுத்தார்கள். முதல் வருஷம் அது சதுரமாகவில்லை. இரண்டாம் வருஷம் இரும்பே மிச்சமில்லை. ஆனாலும் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். காக்களூரில் ஒரு சின்னப் பட்டறையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, கும்மிடிப்பூண்டி பக்கம் வால்வு செய்யும் ஆலை ஒன்றில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராகச் சேர்ந்தேன்.

என் வீடு செவ்வாப்பேட்டையில். ரயிலில் போவதென்றால் முதலில் மெட்ராஸ் போய், அங்கே வேறு லைன் பிடித்து, மறுபடி வடக்கே ஏற வேண்டும். போய்ச் சேருவதற்குள் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்துவிடும். அதனால்தான் கார் வாங்கினேன். கார் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். திருவள்ளூரில் ஒரு வயதான டாக்டர் வீட்டுக் கொட்டகையில் கிடந்த பழைய சீமைக் கார் அது. பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை பொறுத்திருந்துதான் வண்டியை எடுத்து வந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து ஆலைக்கு வருகிற நாலு பேர் பெட்ரோலில் பங்கு போட்டுக்கொண்டு அதில் ஏறிக்கொண்டார்கள். முன்சீட்டு எப்போதும் லோகுவுக்குத்தான். லேத்தில் டர்னர், என் கூட்டாளி, வாய்க்குப் பூட்டே கிடையாது.

இப்போது அந்த ரயில்வே கேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆலை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. காலையில் வடக்கேயிருந்து வரும் எக்ஸ்பிரஸுக்காகக் கேட்டைப் போடுவார்கள். எக்ஸ்பிரஸ் போனதும் திறக்க மாட்டார்கள், பின்னாலேயே ஒரு கூட்ஸ் வரும். அந்தக் கூட்ஸ் நகர்ந்து முடிவதற்குள் எதிரே லோக்கல் வந்துவிடும். மூன்றும் போய்க் கேட் தூக்குவதற்குள் ஆலையில் சங்கு ஊதிவிடும். சங்குக்கு அப்புறம் உள்ளே போனால் அரை நாள் ஆப்சென்ட். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தச் சங்கைக் கேட்கிற வயிற்றெரிச்சல் இருக்கிறதே, அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். லோகு முன்சீட்டில் உட்கார்ந்தபடி, "இன்னா கஜா, சோழவரம் தாண்டறப்ப மாட்டு வண்டிக்காரன் உன்னப் பாத்து வழி உட்டான். பாவம்னு நெனச்சிக்கினான் போல" என்பான்.

அந்தக் கேட்டை ஜெயிக்க வேண்டும். காரை நோண்டத் தொடங்கியதற்கு எனக்கு இருந்த லட்சியம் அவ்வளவுதான்.

நோண்ட வேண்டுமென்றால் ஆலையின் மெஷின்கள் வேண்டும். மெஷின்கள் வேண்டுமென்றால் ஃபோர்மேன் பாக்கியநாதன் சாரிடம் கேட்க வேண்டும். ரயில்வே பட்டறையில் தேய்ந்து வந்தவர் அவர். எவ்வளவு கோபம் வந்தாலும் குரலை உயர்த்த மாட்டார், மரியாதையைத்தான் உயர்த்துவார். மனசு சந்தோஷமாக இருந்தால் நம்மை "டேய்" என்பார். லேசாக எரிச்சல் வந்தால் "வாப்பா, போப்பா" ஆகும். கோபம் வந்துவிட்டால் "வாங்க, போங்க". கோபம் உச்சிக்குப் போனால் நம்மையே "சார்" என்று கூப்பிடுவார். ஒரு தடவை கிரேன் ஆபரேட்டர் ஒருவரை "சார்" என்றார். அந்த மனுஷன் மறுநாள் காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டார். புதிதாக வந்தவர்கள், ஃபோர்மேன் எவ்வளவு மரியாதையானவர் என்று வியப்பார்கள். நாங்கள் அவர்களுக்காகப் பரிதாபப்படுவோம்.

அவருடைய ஷாப்பில் இன்னொரு வழக்கமும் இருந்தது. எந்த மெஷினிலிருந்து எதைக் கழற்றினாலும் தரையில் வைக்கக் கூடாது. மேற்குச் சுவர் முழுக்க ஆணி அடித்து வைத்திருந்தார். கழற்றியதை அந்த ஆணியில் மாட்ட வேண்டும். கூடவே ஒரு தகரச் சீட்டு. அதில் எந்த மெஷின், யார் கழற்றியது, என்ன காரணம் என்று பெயின்ட்டில் எழுதித் தொங்கவிட வேண்டும். ஏன் சார் இந்த வேலை என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். "டேய், மெஷின் செஞ்சவன் ஒண்ணும் முட்டாள் கிடையாது. ஒரு சாமானைக் கழட்டறேன்னா, அவன் அதை எதுக்கு வச்சான்னு நீ சொல்லணும். சொல்லத் தெரியலையா, ஆணில மாட்டிட்டு யோசி" என்றார். நான் மாட்டுவேன். யோசிக்கிறதுதான் நமக்கு வராதே.

கார் வேலைக்கு அவர் அனுமதி கொடுத்தார். நிபந்தனை ஒன்றுதான். "உன் வண்டியா இருந்தாலும் ஷாப்புக்குள்ள வந்துட்டா அது மெஷின். ஆணி, சீட்டு எல்லாம் உண்டு."

முதலில் இன்ஜினின் தலைமூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினேன். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. நட்டுகளை ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்க வேண்டும். ஒரே பக்கமாக அவிழ்த்தால் ஹெட் வளைந்துவிடும். திரும்ப முடுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு. கழற்றிய ஹெட்டைக் கவிழ்த்து, சர்ஃபேஸ் கிரைண்டரின் காந்தப் படுக்கையில் ஒட்டவைத்து, அடிப்பக்கத்தைத் தலைமுடி கனத்துக்கும் குறைவாகச் சீவிச் சீவி எடுத்தேன். அடிப்பக்கம் குறைந்தால் உள்ளே காற்றும் பெட்ரோலும் அடைபடும் இடம் சுருங்கும், நெருக்கிப் பிடித்து வெடிக்கும், உதை பலமாக விழும். ஆனால் ஹெட்டின் அடியில் இருக்கும் நாலு குழியும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அதற்கு லேபிலிருந்து பியூரெட் என்கிற அளவுக் கண்ணாடிக் குழாயைக் கடன் வாங்கி, குழியின் மேல் ஓட்டை போட்ட கண்ணாடித் துண்டை வைத்து, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தேன். பியூரெட்டைத் திருப்பிக் கொடுத்தபோது கெமிஸ்ட் அம்மா அதை மோந்து பார்த்துவிட்டு, "இதுல இனிமே நான் ஸ்டவ்தான் பத்த வைக்கணும்" என்றார்.

அதற்கப்புறம் காற்று போகும் வழிகளை மூங்கில் குச்சியில் எமரித் தாளைச் சுற்றித் தேய்த்து வழவழப்பாக்கினேன். உடைப்புக்குப் போன பாய்லரின் குழாய் ஒன்றை வளைத்துப் புகைக் குழாயாக மாட்டினேன். வண்டி போட்ட சத்தத்தில் பெரியபாளையத்து நாய்கள் எங்களுக்காகவே காத்திருக்க ஆரம்பித்தன. காரில் வெப்பம் காட்டும் முள் இல்லை. பழைய கம்ப்ரஸர் ஒன்றின் பித்தளை டயலைக் கொண்டுவந்து முன்பலகையில் பொருத்தினேன். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. பின்சீட்டிலிருந்துகூடப் படிக்கலாம். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் செய்தும் கேட் எங்களை நூலிழையில் தோற்கடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் என் கண் ஃபேன் மேல் விழுந்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் நாலு இறக்கையோடு சுற்றிக்கொண்டு, இன்ஜினின் சக்தியைத் தின்றுகொண்டிருந்தது. வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், ஃபேன் எதற்கு? நின்றால்தானே தேவை? நான் நிற்கும்போது இன்ஜினை அணைத்துவிடுகிற ஆள். நாலே போல்ட். கழற்றி ஆணியில் மாட்டினேன். சீட்டில் "கஜேந்திரன் கார். காரணம்: தேவையில்லை" என்று எழுதினேன்.

பாக்கியநாதன் சார் சாயங்காலம் சுவரோரமாக நடந்து வரும்போது அதைப் படித்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"தேவையில்லையாங்க?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "ஓடிக்கினே இருந்தா தேவையில்ல சார்" என்றேன்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தினமும் அந்த ஆணிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போவார்.

மறுவாரமே கேட்டை ஜெயித்தோம். கேட்மேன் கைப்பிடியில் கை வைக்கிற நேரத்தில் எங்கள் வண்டி குலுங்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டியது. நாலு பேரும் கூச்சல் போட்டார்கள். லோகு தலையை வெளியே நீட்டி எக்ஸ்பிரஸுக்கே டாட்டா காட்டினான். அன்று நாஷ்டா அவன் செலவு. அதற்கப்புறம் ஆலையில் நான் பெரிய ஆள். அந்த மிதப்பில்தான் பெண் பார்க்கப் போனேன்.

பெண் திருப்பாச்சூர். பெயர் சரோஜா. அப்பா இல்லை, தாய்மாமன் ஏகாம்பரம்தான் எல்லாம். நெல் விவசாயம், கிணறு, ஆயில் இன்ஜின் என்று வசதியான வீடு. ஆனால் அந்த வீட்டில் ஒரு பழைய காயம் இருந்தது. சரோஜாவின் அக்காவுக்கு முதலில் பார்த்த மாப்பிள்ளை, அழைப்பு ஊர்வலத்துக்கு முன்னால், வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று பின்வாசல் வழியாகப் பெட்டியோடு போனவன் பம்பாய்க்கு ரயில் ஏறிவிட்டான். அக்காவுக்கு வேறு நல்ல இடம் அமைந்துவிட்டது. ஏகாம்பரம் மாமாவுக்குத்தான் அது ஆறவே இல்லை. மாப்பிள்ளை என்றாலே ஓடிவிடுகிறவன் என்று நினைப்பார். என்னைப் பார்த்த பார்வையிலேயே, இவன் எந்தப் பக்கமாக ஓடுவான் என்று கணக்குப் போட்டார்.

பெண் பார்க்கப் போன அன்று அவருடைய ஆயில் இன்ஜின் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. அதன் தும்மல் என் காதில் விழுந்துவிட்டது, அதற்கப்புறம் எனக்குப் பஜ்ஜி இறங்கவில்லை. காரிலிருந்து ஸ்பானர் பெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றுக் கொட்டகைக்குப் போய்விட்டேன். பெண்ணைக் கூடத்துக்கு அழைத்து வந்தால் மாப்பிள்ளையைக் காணோம். கடைசியில் சரோஜாவே காபியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். நான் இஞ்செக்டரைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தத் துணிய எடு" என்றேன். எங்கள் முதல் பேச்சு அதுதான். அவள் துணியை எடுத்துக் கொடுத்துவிட்டு, "சட்டைல ஆயிலு" என்றாள். எனக்கு அவளை ரொம்பவே பிடித்துவிட்டது. அந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது வேறு எந்தப் பெண்ணையும் பார்க்கப் போவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன்.

மாமா சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "மாப்ள அழைப்பு காருல. ஊரே பாக்கணும். புள்ளையார் கோயில்லேர்ந்து பந்தல் வரிக்கும். நடுவுல வண்டி நிக்கக் கூடாது, மாப்ள கால் தரையில படக் கூடாது. எதுனா கோளாறு ஆச்சு, பொண்ண இட்டுக்கினு உள்ள போய்க் கதவச் சாத்திருவேன். இன்னொரு தபா இந்த ஊட்டுக்கு அவமானம் ஆவாது, சொல்லிட்டேன்" என்றார்.

வண்டிதானே, நம்ம வண்டி என்று தலையாட்டினேன். ஊர்வலம் என்றால் என்ன வேகத்தில் போகும் என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

அழைப்பு அன்று சாயங்காலம் காரைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பகீர் என்றது. "காரு தெரியக் கூடாது, பூவுதான் தெரியணும்" என்று மாமா சொல்லியிருக்கிறார். பூக்காரர் சாமந்தியைத் திரை மாதிரிக் கட்டி, முன்பக்கக் கம்பி வலையை இடைவெளியே இல்லாமல் மூடிவிட்டார். இரண்டு பக்கமும் வாழைக்கன்று. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் இல்லை, முன்னால் காற்று இல்லை. பூவை எடுங்கள் என்று சொல்லலாம் என்றால் மாமா பக்கத்திலேயே நின்று கண்கலங்கிக்கொண்டிருந்தார். "பத்து அடி தூரந்தான, ஒண்ணியும் ஆவாது" என்றான் லோகு. அவன்தான் ஓட்டுநர். நான் தலைப்பாகையோடு பின்சீட்டில் ஏறினேன்.

பத்து அடி தூரமா! திருப்பாச்சூரில் அத்தனை தெரு இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. முன்னால் நாதஸ்வரம், தவில், இரண்டு பக்கமும் தலையில் பெட்ரோமாக்ஸ் விளக்கு. ஒவ்வொரு முனையிலும் நாதஸ்வரக்காரர் நின்று ஒரு ராகத்தை விஸ்தாரமாக ஊதிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறார். லோகு முதல் கியரில் கிளட்சைத் தேய்த்துக்கொண்டு எறும்பு வேகத்தில் உருட்டுகிறான். ஊர்ப் பெண்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் சாப்பாட்டுத் தட்டு அளவு டயலைப் பார்க்கிறேன். முள் ஏறிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது தெருவில் இன்ஜின் டிக்டிக்கென்று தட்ட ஆரம்பித்துவிட்டது. அது பிஸ்டன் அழுகிற சத்தம்.

"லோகு, தட்டுதுடா."

"தவிலுடா அது."

"தவிலு இல்லடா பேமானி, பிஸ்டனு!"

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. நின்று இன்ஜினை அணைத்தால், சூடான அந்த இன்ஜின் மறுபடி கிளம்பாது. வண்டி நடுவில் நின்றுவிட்டது என்று மாமா கதவைச் சாத்துவார். இப்படியே உருட்டினால் அடுத்த தெருவில் பிஸ்டன் இறுகி அதே இடத்தில் நிற்கும், மாமா அப்போதும் கதவைச் சாத்துவார். கீழே இறங்கிப் பூவைப் பிய்க்கலாம் என்றால் கால் தரையில் படக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் காற்றுதான். காற்று வேண்டுமென்றால் வண்டி ஓட வேண்டும். ஒரு சுற்று சுற்றிவிட்டு, முள் இறங்கியதும் திரும்ப வந்து ஊர்வலத்தில் சேர்ந்துகொள்ளலாம். அந்த நிமிஷத்தில் அது எனக்கு அற்புதமான யோசனையாகத் தெரிந்தது. வெளியே தலையை நீட்டி, "ஒரு சுத்து சுத்திட்டு வந்துர்றோம்!" என்று கத்தினேன். நாதஸ்வரக்காரர் நான் ரசிக்கிறேன் என்று நினைத்து, தலையை ஆட்டிவிட்டு இன்னும் பலமாக ஊதினார்.

"ஓட்றா!" என்றேன்.

"மாமா பாப்பாருடா!"

"பிஸ்டன் போனா அப்பால பொண்ணும் போச்சு. ஓட்றா!"

லோகு மிதித்தான். இத்தனை மாதமாக நான் சீவி, தேய்த்து, வளைத்துச் சேர்த்த சக்தியெல்லாம் அன்று ஒரே மூச்சில் வெளியே வந்தது. பாய்லர் குழாய் கர்ஜித்தது. தவில்காரர் தவிலோடு ஒரு வைக்கோல் போரின் மேல் சாய்ந்தார். வாழைக்கன்று ஒன்று பறந்து போய் யார் வீட்டு ஓட்டின் மேலேயோ விழுந்தது. பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஏகாம்பரம் மாமா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

எதிர்க்காற்றில் சாமந்தித் திரை பிய்ந்து மேலே பறந்ததும் முள் இறங்க ஆரம்பித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சந்தோஷத்தில் எனக்குக் கல்யாணம் கொஞ்ச நேரம் மறந்தே போய்விட்டது. "எறங்குது லோகு, எறங்குது!" என்று கத்தினேன். வண்டியைத் திருப்ப இடம் தேடினோம். கடம்பத்தூர் பக்கம் போகும் அந்தச் சாலை இரண்டு பக்கமும் நெல் வயல், நடுவே ஒரு வண்டி போகத்தான் இடம். எங்கே திருப்புவது? போய்க்கொண்டே இருந்தோம். கொஞ்ச தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தது.

ரயில்வே கேட். சாத்தியிருந்தது.

லோகு பிரேக் போட்டான். காற்று நின்றது. அவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டிருந்த ரேடியேட்டர் மூடியைத் தூக்கிக்கொண்டு பொங்கியது. இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. கார் முழுக்க ஆவி. அதற்குள்ளே நான் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தேன். கேட்மேன் விளக்கைத் தூக்கிப் பிடித்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா நைனா, கண்ணாலம் வேணாமா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் லாரி சத்தம். ஆலைக்காரர்கள் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்து வந்த லாரி அது. அதில் மாமா, பங்காளிகள், கழுத்தில் இன்னும் தவில் தொங்கும் தவில்காரர், இத்தனை பேருக்கும் நடுவில் கோட்டுப் போட்ட பாக்கியநாதன் சார். மாமா குதித்து இறங்கி வந்து கதவைத் திறந்து என் அங்கவஸ்திரத்தைப் பிடித்துவிட்டார்.

"எங்கடா போற? ரயில் ஏறப் போறியா? எங்க ஊட்டுப் பொண்ணுங்கன்னா உங்களுக்கெல்லாம் அவ்ளோ எளப்பமா?"

"ஐயோ மாமா, இன்ஜினு சூடாய்ட்ச்சு, காத்துக்காகத்தான்..."

"காத்தா? என் ஆயில் இன்ஜினு ராவும் பகலும் ஓடுது. அது எங்கனா ஓடிப்போச்சா?"

கண்ணில் நீர் வந்துவிட்டது. சரோஜா போய்விடுவாளே என்ற பயம் அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. நான் கையைக் கூப்பிக்கொண்டு பாக்கியநாதன் சாரைப் பார்த்தேன். அவர் பானெட்டைத் திறந்து, ஆவி விலகும்வரை பொறுமையாக நின்று, உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் வந்து குனிந்தார்.

"தேவையில்லைங்களா, சார்?" என்றார்.

செத்தேன். என் வேலைக் காலத்தில் எனக்குக் கிடைத்த முதல் "சார்" அதுதான். ஆனால் அவர் மாமாவிடம் திரும்பி எனக்காகச் சாட்சியும் சொன்னார். "ஐயா, இவர் ஓடிப்போகத் திட்டம் போடற ஆள் இல்லீங்க. இவருக்கு அவ்வளவு யோசனை கிடையாது. யோசனை இருந்தா இந்த இன்ஜின்ல ஃபேன் இருந்திருக்கும்."

"ஃபேன் இல்லியா? எவன் கழட்டனான்?"

"நான்தான் மாமா."

மாமா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் குறைந்து வேறு ஏதோ ஏறியது. ஆனாலும் அவர் இறங்கி வரவில்லை. "எனுக்கு எதுவும் தெரியாது. பொண்ணு சொல்லட்டும். அவ வேணான்னா இப்டியே போய்ட்டே இரு" என்றார்.

கேட் திறந்ததும் அந்தப் பக்கத்துத் திடலில் இரண்டு வண்டியையும் திருப்பி, என் காரை லாரிக்குப் பின்னால் கயிறு போட்டு இழுத்தார்கள். நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன், கால் தரையில் படக் கூடாதே. பந்தல் வாசல் பக்கம் வந்ததும் ஊரே கூடிவிட்டது. சரோஜா உள்ளே ஜன்னலருகில் நின்றாள். முகம் அழுது சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் காரோடு கிணற்றில் இறங்கிவிடலாம் போல இருந்தது எனக்கு.

மாமா நடந்ததைச் சொல்லிவிட்டு, "நீ சொல்லும்மா. ஓடுனவன நம்பறியா?" என்றார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அக்காவுக்குப் பாத்தவன் பொட்டிய எடுத்துக்கினுதான போனான்?" என்று கேட்டாள்.

"ஆமா."

"இவரு ஸ்பானர் பொட்டி எங்க கீது?"

யாரோ ஓடிப்போய் மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருந்த இடத்தில் பார்த்துவிட்டு வந்தார்கள். கட்டிலுக்கடியில் இருந்தது.

"அந்தப் பொட்டிய உட்டுட்டு இவரு எங்கயும் போவ மாட்டாரு, மாமா. என்னக்கூட உட்டுட்டுப் போவாரு. அத்த உட மாட்டாரு" என்றாள்.

கூட்டம் சிரித்தது. மாமாவும் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் துண்டால் வாயை மூடிக்கொண்டார். நானும் சிரித்தேன், அழுதுகொண்டே. "சரி, ஓடறவன் இல்ல, அர லூசுதான்" என்று மாமா தீர்ப்புச் சொன்னார். அதோடு விட்டாரா? "அழைப்பு பாதிலதான நின்னுது? காருல வரேன்னு ஒத்துக்கின. காருலதான் வரணும்" என்று சொல்லி, தொழுவத்திலிருந்து ஒரு ஜோடிக் காளையை அவிழ்த்து வரச் சொன்னார்.

ஆமாம். சீவின ஹெட், வழவழப்பான வழிகள், பாய்லர் குழாய் எல்லாம் இருக்கிற என் காரை இரண்டு காளை மாடுகள் இழுத்துக்கொண்டு போயின. விட்ட தெருவிலிருந்து ஊர்வலம் மறுபடி தொடங்கியது. தவில்காரர் என் மேல் இருந்த கோபத்தையெல்லாம் தவிலில் காட்டினார். லோகு வெட்கத்தில் எங்கேயோ மறைந்துவிட்டான். பாக்கியநாதன் சார்தான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். ஒவ்வொரு முனையிலும் திரும்பிப் பார்த்து, "பிரேக் போடட்டுங்களா சார்?" என்று கேட்டார். வேகம் சரியாகத்தான் இருந்தது. முள் அசையவே இல்லை.

மறுநாள் முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. மொய் வைக்கிற நேரம் பாக்கியநாதன் சார் வந்து, வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். "வாழ்த்துகள், சார்" என்றார். கனத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சரோஜா ஆசையாகப் பிரித்தாள். நாலு இறக்கையும் துடைத்து எண்ணெய் போட்ட என் ஃபேன். நாலு போல்ட்டும் ஒரு துணி முடிச்சில். கூடவே அந்தத் தகரச் சீட்டு.

"'காரணம்: தேவையில்லை'ன்னு எழுதிக் கீது?" என்று அவள் சத்தமாகப் படித்தாள்.

பக்கத்தில் நின்ற மாமாவின் முகம் மாறியது. "இன்னா தேவையில்ல? யாரு தேவையில்ல?" என்று ஆரம்பித்துவிட்டார். அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஊர்வலம் என்று கேள்விப்பட்டதுமே சார் ஃபேனை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். அவர் வந்து சேருவதற்குள் வண்டி ஓடிவிட்டது. முந்தின நாள் சாயங்காலமே ஏன் சார் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "மொய்யை முகூர்த்தத்துக்கு முன்னாடி வைக்கிற வழக்கம் எங்க பக்கம் இல்லீங்க, சார்" என்றார்.

கல்யாண லீவு முடிந்து ஆலைக்குப் போனபோது பஸ்ஸும் ரயிலும் மாறி மாறிப் போய், சங்குக்கு அப்புறம்தான் சேர்ந்தேன். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. என் மேசை மேல் யாரோ ஒரு கட்டு வைக்கோல் வைத்திருந்தார்கள். லோகுதான், வேறு யார்? மாமா அந்த வார முடிவில் லாரியில் என் காரை அனுப்பிவைத்தார். அதே ஷாப்பில், அதே இடத்தில் நிறுத்தி, நாலு போல்ட்டையும் போட்டு ஃபேனை மாட்டினேன். பெல்ட்டை இழுத்துக் கட்டினேன். வண்டி மறுபடியும் கேட்டில் தோற்கும் என்று தெரியும். தோற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாக்கியநாதன் சார் வழக்கம்போலச் சாயங்காலம் சுவரோரமாக நடந்து வந்தார். காலியாக இருந்த ஆணியைப் பார்த்தார். திறந்திருந்த பானெட்டுக்குள் குனிந்து பெல்ட்டை விரலால் அமுக்கினார். கல்யாணத்துக்கு அப்புறம் அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

"டேய், லூசா இருக்கு. இன்னும் கொஞ்சம் இழு" என்றார்.

அந்த "டேய்" காதில் விழுந்த பிறகுதான் எனக்குக் கல்யாணம் ஆன மாதிரி இருந்தது.